கொழுத்த ஆடுகள் ஒரே இரவில் இறப்பது ஏன்: யாரேனும் நஞ்சு வைத்தார்களா, நோயா?

கேள்வி – சாம்பல்தீவு ஆட்டுக்காரன்

வணக்கம். திருகோணமலை நகருக்கு வடக்கே சாம்பல்தீவுப் பக்கத்தில் சிறிய அளவில் ஆடு வளர்த்து வருகிறேன். பெரும்போக அறுவடை முடிந்ததும் வழக்கம்போல ஆடுகளை அறுத்த வயலில் மேயவிட்டோம். இம்முறை அறுவடை இயந்திரம் சிந்திய நெல் வயலில் நிறையவே கிடந்தது. அதே வாரத்தில் கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை வீட்டிலுள்ளவர்கள் கொண்டுவந்து கொட்டிலில் வைத்தார்கள். மறுநாள் காலையில் நல்ல கொழுத்த கிடாய் ஒன்றும் வளர்ந்த குட்டிகள் இரண்டும் கால்களை நீட்டியபடி இறந்து கிடந்தன. இன்னொரு மறி இரத்தமும் சளியும் கலந்து கழிந்து, வலி தாங்காமல் கத்தி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, படுத்தபடியே கால்களை உதைத்து நண்பகலுக்குள் செத்துப்போனது. மெலிந்த கிழட்டு ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலித் தகராறு ஒன்று நடந்துகொண்டிருப்பதால், பக்கத்துக் காணிக்காரர்தான் நஞ்சு வைத்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். முறைப்பாடு கொடுக்கவும் ஆயத்தமாகிறார்கள். இது நோயாக இருக்க இடமுண்டா? நோயாயின் மீதமுள்ள ஆடுகளை எப்படிக் காப்பாற்றுவது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குக் கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் வாழைப்பழமும் சோறும் பாணும் கொடுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆட்டுக்கு வருவது மானுக்கும் வருமா?

பதில் 1 – கால்நடை வைத்தியர், கிழக்கு மாகாணம்

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் குடல் நச்சேற்ற நோய்தான். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், கொழுத்தது முதலில் சாவதும், தீவனம் திடீரென மாறியதும், கழிச்சலும் நரம்புக் குறிகளும் ஒன்றாக வந்ததும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன.

இந்த நோயை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் பேர்பிரிஞ்சென்ஸ் என்ற பற்றீரியா எங்கிருந்தோ வந்து தொற்றுவதன்று. மண்ணிலும், நோயற்ற ஆட்டின் குடலிலும் அது சிறு தொகையில் எப்போதும் இருக்கிறது. உற்பத்தி செய்யும் நஞ்சுகளைக் கொண்டு அதனை ஏ முதல் ஜீ வரை வகைப்படுத்துகிறார்கள். ஐந்தாக இருந்த வகைகள் 2018 இல் ஏழாயின. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் டீ வகை. புல்லும் குழையும் தின்று பழகிய ஆடு ஒரே நாளில் வயிறு நிறைய நெல்லையும் சோற்றையும் தின்றால், முதல் இரைப்பையில் நொதித்து முடியாத மாச்சத்து சிறுகுடலுக்குள் வழிந்து செல்கிறது. அங்கு பட்டினியாகக் கிடந்த பற்றீரியாவுக்கு அதுவே விருந்து. அது கட்டுக்கடங்காமல் பெருகி எப்சிலன் என்னும் நஞ்சை வெளியிடுகிறது. வெளிவரும்போது இந்த நஞ்சுக்கு வீரியம் குறைவு. குடலில் புரதத்தைச் செரிக்கச் சுரக்கும் திரிப்சின்தான் அதன் ஒரு துண்டை வெட்டி, முழு வீரியமுள்ள நஞ்சாக மாற்றிவிடுகிறது. பிறகு அது குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து, மூளையிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. அதனால் மூளை வீங்குகிறது. உங்கள் மறி கழுத்தை வளைத்துக் கால்களை உதைத்தது அதனாலேயே இருக்கக்கூடும்.

கொழுத்தவை ஏன் முதலில் சாகின்றன என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. கூட்டத்தில் வலிமையானது மற்றவற்றை இடித்துத் தள்ளிவிட்டு அதிகம் தின்கிறது. மெலிந்த கிழட்டு ஆட்டுக்குச் சோற்றுச் சட்டியருகே இடம் கிடைப்பதில்லை.

அயலவரைப் பற்றி: முறைப்பாட்டை எழுதுவதற்கு முன் இறந்த ஆட்டின் குடலை ஆய்வுக்கு அனுப்புங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தின்ற ஆடு பெரும்பாலும் வாயிலும் கண்ணிலும் நீர் வடித்து, தசைகள் துடித்து, கண்மணி சுருங்கிச் சாகும். மரவள்ளி இலையைத் தின்று சயனைட்டு ஏறியதென்றால் மூச்சுத் திணறல் நிமிடக் கணக்கில் முற்றிவிடும்; இரத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று சிவந்திருக்கும். நெல்லை மிதமிஞ்சித் தின்றதால் வரும் அமிலத்தன்மை என்ற இன்னொன்றும் உண்டு. அதில் விலாவை அசைத்தால் வயிற்றில் நீர் அலம்பும், புளித்த வாடை வரும், சாவு வரப் பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். இவையெல்லாம் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று.

மாதிரி எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பற்றீரியா இறந்த உடலில் தானாகவே பெருகும். ஆகவே செத்த ஆட்டின் குடலில் அது இருந்தது என்ற ஆய்வுகூட அறிக்கை எதையும் நிரூபிக்காது; நஞ்சைக் கண்டறிய வேண்டும். இறந்து சில மணித்தியாலங்களுக்குள் சிறுகுடலின் உள்ளடக்கத்தைச் சுத்தமான போத்தலில் அடைத்து ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகம் ஊடாக அனுப்ப வேண்டும். மூளையின் ஒரு பகுதியும் சிறுநீரகத் துண்டும் போர்மலினில் இருந்தால் இன்னும் நல்லது. நஞ்சு வைத்த சந்தேகம் தீர இரைப்பை உள்ளடக்கத்தையும் தனிப் போத்தலில் எடுக்கச் சொல்லுங்கள். செம்மறியில் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதும் இதய உறைக்குள் நீர் கட்டுவதும் நல்ல தடயங்கள். வெள்ளாட்டில் இவை இல்லாமலும் போகலாம்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திடீரென இறந்த எந்த மிருகத்திலும் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த இரத்தம் வடிந்திருந்தால் அதனை அறுக்கவே கூடாது. அது அந்திராக்ஸ் ஆக இருக்கலாம். அந்தப் பற்றீரியா காற்றுப் பட்டதும் வித்திகளாக மாறி அந்த மண்ணிலேயே பல பத்தாண்டுகள் தங்கிவிடும்; மனிதருக்கும் தொற்றும். அப்படியான உடலைத் தொடாமல், நாய் காகம் அண்டாமல் மூடிவைத்துவிட்டு உடனே வைத்தியரை அழையுங்கள். சாகக்கிடக்கும் ஆட்டை இறைச்சிக்காக அவசரமாக வெட்டும் வழக்கத்தையும் இந்தக் காரணத்துக்காகவே கைவிட வேண்டும்.

மீதமுள்ள ஆடுகளுக்கு நெல்லும் சோறும் இன்றே நிற்கட்டும். வைக்கோலும் குழையும் மட்டும் கொடுத்து, அறுத்த வயலுக்கு விடாமல் கட்டிவையுங்கள். நோய் வெளிப்பட்ட பின் போடும் அன்டிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லுமே தவிர, இரத்தத்தில் ஏற்கெனவே கலந்த நஞ்சை ஒன்றும் செய்யாது. நஞ்சுமுறி மருந்து கிடைத்தாலும் ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பயன். ஆகவே தடுப்பூசியே வழி. முதல் முறை போடும் ஆட்டுக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. செம்மறிக்கு அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவை போதுமென்பார்கள். வெள்ளாட்டில் பாதுகாப்பு விரைவில் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போட வேண்டும். சினை ஆடுகளுக்குக் குட்டி ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பாலின் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும். வெள்ளாட்டில் இந்தத் தடுப்பூசி செம்மறியில் போல முழுமையாகக் காப்பதில்லை. ஊசி போட்டாயிற்று என்ற துணிவில் அடுத்த அன்னதானச் சோற்றையும் கொட்டிவிடாதீர்கள்.

பதில் 2 – கிண்ணியா எருமைப்பட்டி

வைத்தியர் ஐயா விளக்கமாக எழுதியிருக்கிறார். எங்கள் பட்டியில் கண்டதையும் சொல்லி ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று எழுதுகிறேன். மழை தொடங்கும் நாட்களில் நல்ல திடமான கன்று ஒன்று நொண்டும், தொடை வீங்கும், அந்த வீக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று சத்தம் கேட்கும், அடுத்த நாளே இறந்துவிடும். வேறொரு சமயம் தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து, பெரிய எருமைகளே சாகும். எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே நோயென்றே சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே ஊசிதானா? எலும்பைக் கடிக்கும் மாடுகள் பின்னர் கால் வலுவிழந்து விழுவதையும் பார்த்திருக்கிறேன். அதுவும் இந்த வகைதானா?

பதில் 3 – கால்நடை வைத்தியர், கிழக்கு மாகாணம்

கிண்ணியா நண்பருக்கு: தொடையில் நொறுநொறுக்கும் வீக்கம் சப்பை நோய். குளொஸ்ட்ரிடியம் சோவியாய் அதற்குக் காரணம். விழுங்கிய வித்திகள் தசைக்குள் போய் உறங்கிக்கிடந்து, அந்தத் தசை அடிபட்டதும் விழித்து நஞ்சையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான, நன்றாக வளரும் கன்றுகளே அதிகம் அகப்படும். தொண்டை வீக்கம் வேறு. அது தொண்டை அடைப்பான். அதன் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற முற்றிலும் வேறான பற்றீரியா. மாட்டைவிட எருமையைத்தான் அது கடுமையாகத் தாக்கும். அங்கே கேடு செய்வது, பற்றீரியாவின் மேலுறையோடு ஒட்டியிருந்து அது சிதையும்போது வெளிப்படும் உள்நஞ்சு. நோயிலிருந்து தப்பிய எருமை தொண்டைச் சதையில் கிருமியைச் சுமந்துகொண்டு பட்டியில் உலவும் என்பதால் ஒரு மிருகத்தை மட்டும் குணப்படுத்தி நின்றுவிட முடியாது. இந்த நோயைப் பற்றி உலகளவில் மதிக்கப்படும் ஆய்வுகளைச் செய்தவர்களில் நம் நாட்டைச் சேர்ந்த எம்.சி.எல். டி அல்விஸ் ஒருவர் என்பதை இங்கே பலர் அறியமாட்டார்கள். இரண்டு நோய்க்கும் தடுப்பூசியின் உள்ளடக்கம் வேறு. எதைப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாரி தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எலும்பு கடிப்பது பொஸ்பரசுக் குறைபாட்டின் அறிகுறி. அந்த எலும்பில் ஒட்டியிருக்கும் அழுகல் சதையில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோயின் நஞ்சு இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கால் விழுந்து இறந்ததற்கு இதுவே காரணம் என்று சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் ஆர்னோல்ட் தெய்லரும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். உப்புக்கட்டியும் கனிம உப்புக் கலவையும் வைத்து, செத்த மிருகத்தின் உடலை மேய்ச்சல் தரையில் விட்டுவிடாமல் ஆழமாகப் புதைத்தால் பெரும்பகுதி தீரும்.

பதில் 4 – வனவிலங்குப் பராமரிப்பில் இருப்பவர்

மான்களைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதாததால் நான் எழுதுகிறேன். கூண்டிலும் வேலிக்குள்ளும் வைத்து வளர்க்கப்படும் வனவிலங்குகளோடு சில ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆட்டுக்கு வருவது மானுக்கும் வரும். அசைபோடும் மிருகம் எதுவாயினும், இரைப்பையின் நுண்ணுயிர்கள் பழகாத மாச்சத்தை ஒரேயடியாகச் சந்தித்தால் அதே கேடுதான். அடைத்து வளர்க்கப்படும் மான்களிலும் வேறு குளம்பு மிருகங்களிலும் குளொஸ்ட்ரிடியக் குடல் நச்சேற்றம் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

காட்டிலுள்ள மான் தேடித்தேடி நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்கிறது. கோட்டைக்குள் திரியும் மானோ விடுமுறை நாளில் ஒருவர் மாற்றி ஒருவர் நீட்டும் பாணையும் சோற்றையும் சில மணித்தியாலங்களுக்குள் தின்று தீர்க்கிறது. பொலித்தீனும் அதோடு சேர்ந்து உள்ளே போகிறது. அந்த மான்கள் கூண்டில் இல்லை என்றாலும், தீவனத்தைப் பொறுத்தவரை அவற்றின் நிலை மிருகக்காட்சிச்சாலை மிருகத்தின் நிலைக்கே நெருக்கமானது. மிருகக்காட்சிச்சாலையிலாவது உணவை அளந்து கொடுக்க ஒருவர் இருப்பார். கோட்டையில் அளப்பவர் இல்லை. மானுக்கு உணவு கொடுப்பதைப் புண்ணியமாக நினைக்கிறவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. புல்லோ குழையோ கொடுத்தாலும் அந்தப் புண்ணியம் குறையாது என்பது என் எண்ணம்.

யானையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், மிருகக்காட்சிச்சாலையில் இருந்த ஐந்து ஆசிய யானைப் பெடைகளுக்குக் கடும் குடல் நோய் வந்து இரண்டு இறந்ததையும், இறந்தவற்றில் குளொஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற பற்றீரியா காரணமாக இருந்ததையும் விவரித்திருக்கிறார்கள். அந்த யானைகளுக்குப் பெருமளவில் புரொக்கொலி கொடுக்கப்பட்டிருந்தது. அதிலுள்ள ஒரு பொருள் குடலின் வழக்கமான நுண்ணுயிர்களை அடக்கி, இந்தப் பற்றீரியாவுக்கு இடம் விட்டிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். அதுவும் மரக்கறிதான், மனிதருக்கு நல்லதுதான். தீவனத்தின் தரம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, எந்த மிருகத்துக்கு எவ்வளவு என்ற அளவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வளர்ப்பு யானைகளுக்கு ஏற்புவலி பெரிய ஆபத்து. சங்கிலி உராய்ந்த புண்ணும், பாதத்தில் ஏறிய ஆணியும், நகக்கண் வெடிப்பும் காற்றுப் படாத ஆழமான காயங்களாக மாறும்போது அங்கே குளொஸ்ட்ரிடியம் டெட்டனி முளைக்கிறது. அதன் நஞ்சு நரம்பின் வழியே ஏறித் தசைகளை இறுக்கிவிடுகிறது. தாடை பூட்டிக்கொண்ட யானையால் தும்பிக்கையில் எடுத்த உணவை வாயில் வைத்து மெல்ல முடியாது. குதிரையே இந்த நஞ்சுக்கு மிக எளிதில் ஆட்படும் மிருகம். பறவைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். யானைக்கு ஏற்புத் தடுப்பூசி போடுவது இதனாலேயே வழக்கமாயிற்று.

இறைச்சி உண்ணும் மிருகங்களில் வேறு பிரச்சினை. கெட்டுப்போன கோழி இறைச்சியைத் தின்ற சிங்கங்களுக்குப் பொட்டுலிசம் வந்திருக்கிறது. வாத்துக் குளங்களிலும் அதே நோய் வரும். செத்த பறவையில் மொய்க்கும் புழுக்கள் நஞ்சைத் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும். அவற்றைக் கொத்தித் தின்ற வாத்து கழுத்தைத் தூக்க முடியாமல் நீரில் மூழ்கி இறக்கும். அந்த உடலிலும் புழு வைக்கும். வாத்து வளர்ப்பவர்கள் செத்ததை அன்றன்றே அகற்றாவிட்டால் இந்தச் சுற்று நிற்காது.

பதில் 5 – சாம்பல்தீவு ஆட்டுக்காரன்

மூவருக்கும் நன்றி. கடைசியாக இறந்த மறியின் குடலை அலுவலகத்து உத்தியோகத்தர் வந்து எடுத்துச் சென்றுவிட்டார். இரைப்பையிலிருந்தும் தனியாக எடுக்கச் சொன்னேன். முடிவு வரும்வரை முறைப்பாடு வேண்டாம் என்று வீட்டில் ஒருவாறு சம்மதிக்க வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சோற்றை நிறுத்திய பிறகு வேறு ஆடு எதுவும் விழவில்லை.

இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. பால் குடிக்கும் சிறு குட்டிகளுக்கும் இதே ஊசியா? கோட்டை மான்களுக்கும் அப்படியே ஊசி போட ஏற்பாடு செய்ய முடியாதா?

பதில் 6 – கால்நடை வைத்தியர், கிழக்கு மாகாணம்

தாய்க்குச் சினைக்காலத்தில் போட்டிருந்தால் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனபின் தொடங்கலாம். பிறந்து சில நாட்களேயான குட்டிகளில் வேறொரு வகை வரும்: அது சீ வகை, அதன் நஞ்சு பீட்டா. எப்சிலனைத் தூண்டிவிடும் அதே திரிப்சின் பீட்டாவை அழித்துவிடும். ஆனால் சீம்பாலில் திரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பதால், பிறந்த முதல் நாட்களில் குட்டிக்கு அந்தக் காவல் இல்லை. அதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாயின் எதிர்ப்புச் சக்தி வருவதும் அதன் வழியாகத்தான். தாய்க்கு ஊசி போடுவதும் கொட்டிலின் தரையை உலர்வாக வைப்பதும்தான் செய்யக்கூடியவை.

பதில் 7 – வனவிலங்குப் பராமரிப்பில் இருப்பவர்

மான்களுக்கு ஊசி என்பது நல்ல நோக்கம், ஆனால் எளிதான காரியமன்று. இந்தத் தடுப்பூசிகள் ஆடு மாட்டுக்கென்றே செய்யப்பட்டவை. வீரியம் நீக்கிய நஞ்சையும் கொன்ற பற்றீரியாவையும் கொண்டவை என்பதால் மானுக்குப் போட்டாலும் நோயை உண்டாக்கமாட்டா. எவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கும், எத்தனை மாதம் நிற்கும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். இரண்டு தடவை ஊசி போட அதே மானை இரண்டு தடவை பிடிக்க வேண்டும். துரத்திப் பிடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து மான் இறந்துபோவதுண்டு. அத்தோடு வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதி இன்றிப் புள்ளிமானைத் தொட சட்டம் இடமளிப்பதில்லை. ஊசியைவிட முதலில் செய்யக்கூடியது, கோட்டை வாசலில் சோறும் பாணும் கொடுப்பதைத் தடுத்து, கொடுக்க விரும்புவோருக்குப் புல் கட்டு கிடைக்க ஒரு வழி செய்வது. கோயில் நிருவாகமும் மாநகர சபையும் பேசினால் முடியும். உங்கள் ஆய்வு முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். எப்சிலன் நஞ்சுதான் என்று உறுதியானால் அந்தப் பேச்சைத் தொடங்க அதுவே போதிய காரணமாக இருக்கும்.